மாறா எண்கள் மாறினவா?

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விஞ்ஞானம் பற்றி ஒரு பேச்சு வேண்டும் என்று செயலாளர் என்னைக் கேட்டபோது, "சபைக்கு உபயோகமான பொருளாக இருக்கட்டும்" என்றும் சேர்த்துச் சொன்னார். நெல்லுக்கு இடும் உரத்தைப் பற்றியோ, வாவியில் மீன் குறைவதைப் பற்றியோ பேசியிருந்தால் அவருடைய விருப்பம் நிறைவேறியிருக்கும். நான் எடுத்துக்கொண்ட பொருளால் ஒருவருக்கும் ஒரு சதமேனும் வருமானம் இல்லை. முதலிலேயே அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆயினும் ஒரு வருடமாக என்னை உறங்கவிடாத கேள்வி அது. இன்று உலகை ஆளும் இயற்கை விதிகள், உலகம் தோன்றிய இளமைக் காலத்திலும் இவையாகவே இருந்தனவா? இதுவே அந்தக் கேள்வி.

இதை எனக்குள் முதலில் விதைத்தவர் சர்வகலாசாலை ஆசிரியர் அல்லர்; என் அம்மப்பா. படுவான்கரையில் வயல் செய்தவர். வீட்டில் ஒரு பழைய மரைக்கால் இருந்தது. அவருடைய தகப்பனார் காலத்தது என்பார். சிறு வயதில் ஒருநாள் நான் அதைக் கையில் எடுத்து, "அம்மப்பா, அந்த நாளிலும் ஒரு மரைக்கால் நெல் இவ்வளவுதானா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "மனே, மரைக்காலும் தேய்ஞ்சு, நெல்லும் சிறுத்துப் போயிருந்தா, அதை ஆர் கண்டது?" என்றார். 

வேடிக்கையாகச் சொன்ன சொல்தான். ஆனால் பௌதிக அறிஞர் பலர் வருடக்கணக்கில் முட்டிமோதிய சிக்கல் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. ஒளியின் வேகம் மாறிவிட்டதா என்று கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வேகத்தை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும், ஒரு கடிகாரம் வேண்டும். அளவுகோல் அணுக்களால் ஆனது. கடிகாரமும் அணுவின் துடிப்பால் ஓடுவது. ஒளியோடு சேர்ந்து அவையும் மாறியிருந்தால் நாம் எதைக் கண்டோம்? மரைக்காலும் தேய்ந்தது, நெல்லும் சிறுத்தது. 

இதற்கு வழி ஒன்று உண்டு. அதை விளக்க வேறெங்கும் போகவேண்டியதில்லை, நம் கல்லடிக்கே வரலாம். அங்கே அடங்கியிருக்கும் விபுலாநந்த அடிகளைத் தமிழ்ப் பேராசிரியராகவும் துறவியாகவும் நாம் கொண்டாடுகிறோம். அவர் லண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டதாரி என்பதையும், பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பித்தவர் என்பதையும் பலர் மறந்துவிட்டோம். 1947ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய யாழ்நூல் ஒரு வகையில் பௌதிக நூலே. மறைந்துபோன பழைய யாழின் சுரங்களை அவர் கணக்கினால் தேடினார். ஆயிரத்தெண்ணூறு வருடங்களுக்கு முன் ஒரு பாணன் தன் யாழில் குரல் என்னும் நரம்பை எந்தச் சுருதியில் கட்டினான் என்று இன்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஆனால் குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவு மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம். நரம்பு நீளமாயினும் குறுகியதாயினும், கருவி எந்த மரமாயினும், அந்த விகிதம் அலகுகளைச் சாராதது. காலத்தைக் கடந்து ஒப்பிடக்கூடியது விகிதம் ஒன்றே.

இயற்கையிலும் அவ்வாறான விகிதங்கள் சில உள்ளன. அவற்றுள் முக்கியமானது நுண்ணமைப்பு மாறிலி. 1916இல் சொமர்பெல்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதை அறிமுகப்படுத்தினார். இலத்திரனின் மின்னேற்றம், ஒளியின் வேகம், பிளாங்கின் மாறிலி ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் அலகுகள் எல்லாம் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, வெறும் எண் ஒன்று மிஞ்சும். அது ஏறக்குறைய 137இல் ஒரு பங்கு. மீற்றரில் அளந்தாலும் முழத்தில் அளந்தாலும் அதே 137. மின்விசை எவ்வளவு வலியது என்பதை அது சொல்கிறது. அணுவின் பருமன், பொருள்களின் நிறம், நீரின் இயல்பு யாவும் அதைச் சார்ந்தவை. சில சதவீதம் வேறுபட்டிருந்தால் விண்மீன்களின் உள்ளே காபன் போதிய அளவு விளைந்திராது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காபன் இல்லையேல் நெல் இல்லை, நாமும் இல்லை. அது ஏன் 137? இதற்கு இன்றுவரை ஒருவரிடமும் விடை கிடையாது.

இவ்வகை எண்கள் காலத்தோடு மாறக்கூடும் என்ற ஐயத்தைப் பலமாகக் கிளப்பியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் டிராக். 1937ஆம் ஆண்டு அவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். புரோத்தனுக்கும் இலத்திரனுக்கும் இடையிலான மின்விசை, அவற்றின் ஈர்ப்பு விசையைப்போல் ஏறத்தாழ 1க்குப் பின் 39 பூச்சியங்கள் இட்ட மடங்கு பெரியது. உலகத்தின் வயதை அணுவின் நேர அலகில் எழுதினாலும் ஏறத்தாழ அவ்வளவு பெரிய எண்ணே வருகிறது. இது தற்செயலாக இருக்க முடியாது என்பது அவர் எண்ணம். வயது ஏறிக்கொண்டே போவதால், ஈர்ப்பு விசை குறைந்துகொண்டே வரவேண்டும் என்றார். அதே வருடத்தில் அதே பத்திரிகையில் இதைத் தொடர்ந்து எழுதியவர்களுள் ஒருவர் நம்மவர்: சென்னை பிரசிடென்சிக் கல்லூரியிற் படித்து, கேம்பிரிட்ஜ் சென்று டிராக்கிடமும் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். ஈர்ப்பு மாறிலி, ஒளிவேகம், பிளாங்கின் மாறிலி, புரோத்தனின் திணிவு என்ற நான்கையும் சேர்த்தால் ஒரு விண்மீனின் திணிவு வருகிறது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அப்போது அவருக்கு வயது 26. இந்தச் சபையில் அவ்வயதுக்காரர் பலர் இருக்கிறோம் என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

டிராக்கின் கருத்துக்கு முதல் அடி கொடுத்தவர் எட்வேட் டெல்லர். 1948இல் அவர் கேட்டது மிக எளிய கேள்வி. பண்டைக் காலத்தில் ஈர்ப்பு வலிதாக இருந்திருந்தால் சூரியன் மிகப் பிரகாசமாய் எரிந்திருக்கும். பூமியும் அதற்கு அண்மையிற் சுழன்றிருக்கும். அப்படியாயின் 20, 30 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்நீர் கொதித்திருக்க வேண்டும். ஆனால் அக்காலக் கடல்களில் உயிரினங்கள் வாழ்ந்ததற்குப் பாறைகளிலே சான்று இருக்கிறதே! கொதிக்கும் நீரில் எது நீந்தும்? உலகத்தின் வயது டெல்லர் எண்ணியதைவிட மிக அதிகம், 1380 கோடி ஆண்டுகள், என்று பின்னர் தெரிந்ததால் இந்த வாதத்தின் கூர்மை சற்று மழுங்கியது. ஆயினும் 1969 முதல் சந்திரனில் வைக்கப்பட்ட கண்ணாடிகளுக்கு லேசர் ஒளியை அனுப்பித் தூரத்தை அளந்து வருகிறார்கள். ஈர்ப்பு மாறிலி ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் கோடியிற் சில பங்குக்கு மேல் மாறவில்லை என்பது அதிலிருந்து புலனாகிறது. டிராக் வேண்டிய மாற்றம் அதைவிட எவ்வளவோ பெரிது.

ஈர்ப்பு மாறவில்லையாயின் மின்விசை மாறியிருக்கலாமே என்று 1967இல் ஜோர்ஜ் காமோ கேட்டார். இங்கேதான் கதை சுவையாகிறது. ஏனெனில் இதைச் சோதிப்பதற்கு இயற்கை ஒரு பழைய பதிவேட்டை வைத்திருக்கிறது. அது தூரத்து ஒளி. நூறு கோடி ஒளிவருடத் தொலைவிலிருந்து வரும் ஒளி நூறு கோடி ஆண்டுகளுக்கு முந்திய செய்தியைத் தாங்கி வருகிறது. அங்கிருந்த அணுக்கள் அன்று எவ்விதியின்படி நடந்தனவோ, அவ்விதி அந்த ஒளியில் எழுதப்பட்டிருக்கிறது.

எப்படி எழுதப்பட்டிருக்கிறது? உப்பைச் சுவாலையில் இட்டால் மஞ்சள் ஒளி வருவதை எல்லோரும் கண்டிருக்கிறீர்கள். சோறு பொங்கி அடுப்பில் வழிந்தாலே போதும். அம்மஞ்சளை அரியத்தின் வழியே நன்கு விரித்துப் பார்த்தால் ஒரு கோடு அன்று, நெருங்கிய இரண்டு கோடுகள். ஒன்றின் அலைநீளம் 589.0 நனோமீற்றர், மற்றது 589.6. அந்தச் சிறு இடைவெளிக்கும் மொத்த அலைநீளத்துக்கும் உள்ள விகிதம் நுண்ணமைப்பு மாறிலியின் வர்க்கத்தைப் பொறுத்தது. மாறிலி ஒரு சதவீதம் கூடினால் இடைவெளி இரண்டு சதவீதம் கூடும். உலகம் விரிவதால் தூரத்து ஒளியின் அலைகள் நீண்டு சிவப்பை நோக்கி நகர்வது உண்மைதான். ஆனால் இரு கோடுகளும் ஒரே மடங்கில் நீள்வதால் அவற்றின் விகிதம் கெடுவதில்லை. குரலும் இளியும் சேர்ந்து சுருதி இறங்கினாலும் மூன்றுக்கு இரண்டு மாறாததைப்போல.

காமோ கேட்ட அதே வருடத்திலேயே பாகோலும் ஷ்மித்தும் ஐந்து தூரத்து விண்மீன் மண்டலங்களில் ஒட்சிசனின் இரட்டைக் கோடுகளைப் பார்த்தார்கள். ஆயிரத்தில் இரண்டு பங்கு வழுவுக்குள் மாற்றம் இல்லை. காமோவின் கருத்து அத்துடன் முடிந்தது. ஒரு பெரிய மனிதரின் கொள்கையை ஒரு வருடத்துக்குள் ஒரு சிறு அளவீடு முடித்துவைத்தது. விஞ்ஞானத்தில் எனக்குப் பிடித்தது இதுவே என்று சொன்னால் பெரியோர்கள் கோபிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஆயிரத்தில் ஒரு பங்கு மாறவில்லை என்றால், இலட்சத்தில் ஒரு பங்கு மாறியிருக்கலாம் அல்லவா? 1999ஆம் ஆண்டு சிட்னியில் உள்ள நியூ சௌத் வேல்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜோன் வெப், விக்டர் ஃபிளம்பாம் முதலியோர் புதிய முறையொன்றைக் கையாண்டனர். ஒரே மூலகத்தின் இரு கோடுகளை ஒப்பிடாமல், மகனீசியத்தையும் இரும்பையும் ஒப்பிட்டார்கள். இரும்பின் கரு பெரிது, மின்னேற்றம் மிக்கது. அதைச் சுற்றும் இலத்திரனின் வேகம் அதிகம். ஆகவே மாறிலி சிறிது மாறினாலும் இரும்பின் கோடுகள் நகரும். மகனீசியத்தின் கோடுகள் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். ஒன்று நங்கூரம், மற்றது தோணி என்று வைத்துக்கொள்ளுங்கள். நங்கூரத்திலிருந்து தோணி எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே கேள்வி.

குவாசர் எனப்படும் மிகப் பிரகாசமான தூரத்து ஒளிமூலங்களின் ஒளி, வரும் வழியில் வாயு முகில்களைக் கடந்து வருகிறது. அம்முகில்களிலுள்ள மகனீசியமும் இரும்பும் தத்தம் கோடுகளை அவ்வொளியில் இருளாகப் பதித்துவிடுகின்றன. ஹவாய்த் தீவின் உச்சியிலுள்ள கெக் தொலைகாட்டியால் வெப் குழுவினர் இவற்றை அளந்தார்கள். 2001இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: அக்காலத்தில் மாறிலி இன்றையதைவிட இலட்சத்தில் 0.72 பங்கு சிறியதாக இருந்தது, வழு 0.18. அதாவது வழுவைப்போல் நான்கு மடங்கு பெரிய விளைவு. உலகம் முழுவதும் பரபரப்பு. இயற்கை விதியே மாறுகிறது என்றால் அதைவிடப் பெரிய செய்தி என்ன இருக்கிறது?

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். பூனா நகரில் 1988இல் ஜயந்த் நார்லிக்கர் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த வானியல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. பெருவெடிப்புக் கொள்கையை நார்லிக்கர் இறுதிவரை ஏற்காதவர். அவர் வளர்த்த அதே நிலையத்தில் ரகுநாதன் ஸ்ரீஆனந்த் என்பவர் பிரெஞ்சு நண்பர்களோடு சேர்ந்து 2000ஆம் ஆண்டு ஒரு தூரத்து முகிலின் வெப்பநிலையைக் கணித்தார். இன்று 2.7 கெல்வினாக உள்ள அண்டவெளியின் வெப்பம் அன்று 6க்கும் 14க்கும் இடைப்பட்டதாக இருந்தது என்று கண்டார். பெருவெடிப்புக் கொள்கை எதிர்பார்த்தது 9. தலைவரின் கருத்துக்கு மாறான முடிவைத் தலைவரின் வீட்டிலேயே சொல்லக்கூடிய ஒரு நிலையம்! இத்தகைய இடங்கள் நம்மிடையே அதிகம் இல்லை. நம் மன்றங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

அதே ஸ்ரீஆனந்த், தம் மாணவர் ஹம் சந்த், பாரிஸைச் சேர்ந்த பத்ரிக் பெத்திஜான், பஸ்தியான் அரசில் ஆகியோருடன் வெப்பின் முடிவைச் சோதிக்க இறங்கினார். தென்னமெரிக்காவில் சிலி நாட்டுப் பாலைவன மலையில் 8.2 மீற்றர் ஆடியுடைய தொலைகாட்டி ஒன்றுக்குக் குயேன் என்று பெயர். அந்நாட்டுப் பழங்குடியினர் மொழியில் சந்திரன் என்பது பொருள். அதைக் கொண்டு 34 இரவுகள் 18 குவாசர்கள் நோக்கப்பட்டன. கிடைத்த முகில்களில் மங்கலானவற்றையும் சிக்கலானவற்றையும் ஒதுக்கி, 23ஐ மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2004இல் வந்த முடிவு: இலட்சத்தில் 0.06 பங்கு, வழுவும் 0.06. மாற்றம் இல்லை என்று பொருள். ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டுகளாக நுண்ணமைப்பு மாறிலி அசையவில்லை.

இதை நான் முதலில் வாசித்தபோது என் உள்ளத்தில் எழுந்தது விஞ்ஞான மகிழ்ச்சி அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெருமிதம். நம் பக்கத்து மனிதர் ஒருவர் வெள்ளையர் சொன்னதைத் திருத்திவிட்டார் என்ற பெருமிதம். இந்தப் பேச்சை அத்துடன் முடித்து, கைதட்டலையும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் மேலும் வாசித்தேன். 2007இல் வெப் குழுவைச் சேர்ந்த மைக்கேல் மேர்பி முதலியோர் பூனாக் குழுவின் கணக்கை எடுத்துத் திரும்பச் செய்து பார்த்தார்கள். கோடுகளுக்கு வளைகோட்டைப் பொருத்திய முறையில் குறை இருக்கிறது, வழுவை மிகச் சிறிதாகச் சொல்லிவிட்டார்கள் என்று காட்டினார்கள். அவர்களுடைய கணக்கில் வந்தது இலட்சத்தில் 0.64 குறைவு, வழு 0.36. ஸ்ரீஆனந்த் குழுவினர் பதில் எழுதினார்கள். சில முகில்களில் பொருத்தம் சரியாக அமையவில்லை என்பதை ஏற்று, மீண்டும் கணக்கிட்டு, முதலிற் சொன்னதைவிடப் பெரிய வழுவைத் தந்தார்கள். ஆயினும் மாற்றம் உண்டு என்பதற்கு எங்கள் அவதானிப்பில் ஆதரவு இல்லை என்ற நிலையில் உறுதியாக நின்றார்கள்.

இரண்டு நாள் எனக்கு மனம் சரியில்லை. பிறகுதான் புரிந்தது. பொய் சொன்னவர் இருபுறமும் எவரும் இல்லை, சண்டையும் இல்லை. ஒருவரின் கணக்கை மற்றவர் உரசிப் பார்ப்பதும், குறையைக் கண்டால் அச்சிலேயே ஏற்பதும் அவர்களுக்கு நாள்தோறும் நடக்கும் வேலை. நம் ஊரில் ஒருவர் கணக்கில் பிழை என்று பொதுக்கூட்டத்திற் சொன்னால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

பிழை எங்கிருந்தது? அதையும் சொல்லவேண்டும். அதற்கு முன் என் சொந்தப் பிழையொன்று. சர்வகலாசாலைக்குப் போன முதலாம் ஆண்டில் திருசியமானி என்னும் கருவியால் பாதரச விளக்கின் கோடுகளை அளந்து அளவுத்திட்டத்தைச் சரிபார்த்தேன். மறுநாள் உப்புச் சுவாலையை அளந்தேன். புத்தகத்திற் சொன்ன அலைநீளம் வரவில்லை. பத்துத் தடவை அளந்தேன். பத்துத் தடவையும் அதே பிழையான எண், அச்சடித்தாற்போல. புதிதாக ஏதோ கண்டுவிட்டேன் என்று அன்றிரவு நான் உறங்கவில்லை. காலையில் ஆசிரியர் வந்து அரியம் நிற்கும் மேசையின் திருகாணியைத் தொட்டுப் பார்த்தார். நான் அதை இறுக்க மறந்திருந்தேன். இரவுக்கும் பகலுக்கும் இடையில் மேசை சற்றுத் திரும்பியிருந்தது. "பத்துத் தடவை அளந்தால் கைநடுக்கம் குறையும் தம்பி, திருகாணி இறுகாது" என்றார்.

பெரிய தொலைகாட்டிகளுக்கும் இதே கதிதான். குவாசரின் கோடுகளை அளக்கத் தோரியமும் ஆகனும் கலந்த விளக்கொன்றின் கோடுகளை அளவுகோலாக வைத்திருந்தார்கள். விளக்கு கருவிக்கு உள்ளே இருக்கிறது; குவாசரின் ஒளியோ வானத்திலிருந்து ஆடிகளில் பட்டு வருகிறது. இரண்டும் ஒரே பாதையில் வருவதில்லை. எனவே அளவுகோலே நிறமாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல நீண்டும் குறுகியும் போயிருந்தது. மகனீசியக் கோடும் இரும்புக் கோடும் நிறமாலையில் எட்ட எட்ட இருப்பவை. ஆகவே புதிய முறைக்கு நுண்மையைத் தந்த அந்தத் தூரமே அதற்குக் கேடாகவும் முடிந்தது. நகர்வு எவ்வளவு தெரியுமா? படப்பதிவுக் கருவியின் ஒரு கட்டத்திற் பத்தில் ஒரு பங்களவு!

இதைக் கண்டுபிடித்த விதம் அழகு. சிறுகோள்கள் என்பன சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் கற்கள். சூரியனின் நிறமாலை நமக்கு மிக நன்றாகத் தெரியும். சிறுகோள்களையும், சூரியனையொத்த விண்மீன்களையும் பழைய பதிவுகளில் தேடியெடுத்து, விளக்கு சொல்லும் அளவுகோலோடு ஒப்பிட்டார்கள். 2015இல் இவ்வாறு செய்து, கெக்கும் சிலித் தொலைகாட்டியும் இரண்டுமே கோணியிருந்தன என்றும், முன்பு கண்ட 'மாற்றம்' பெரும்பாலும் அதனாலேயே என்றும் காட்டியவர்கள் யார்? விட்மோரும், மேலே சொன்ன அதே மைக்கேல் மேர்பியும். தம் குழுவே உலகுக்கு அறிவித்த பெரும் செய்தியைத் தம் கையாலேயே கரைத்தார் மேர்பி. 2007இல் அவர்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் இந்த இடத்தில் போய்விட்டது. வானத்தின் ஒரு திசையிற் கூடுதல், எதிர்த்திசையிற் குறைவு என்று 2011இல் வெப் குழு சொன்ன மற்றொரு முடிவும் இதனாற் பலமிழந்தது. பழைய முகில்களில் மகனீசியத்தின் கனமான வகைகள் இன்றுள்ள விகிதத்தில் இல்லாமற் போயிருந்தால் அதுவும் பொய் மாற்றத்தைக் காட்டும். இப்படி இன்னும் சில பொறிகள் உண்டு, நேரமின்மையால் விடுகிறேன்.

இப்போது சிலியில் எஸ்பிரெசோ என்ற புதுக் கருவி வேலை செய்கிறது. அதில் விளக்குக்குப் பதிலாக, சீப்பின் பற்களைப்போல் ஒழுங்காய் நிற்கும் லேசர்க் கோடுகளையும் அளவுகோலாக வைக்க முடியும். மேர்பி குழுவினர் 2022இல் அதைக் கொண்டு ஒரு பிரகாசமான குவாசரின் பாதையை ஆராய்ந்தார்கள். பத்து இலட்சத்தில் 1.3 பங்கு, வழுவும் 1.3. மாற்றம் இல்லை. 2020இல் வெப் குழுவினர் இன்னும் முன்னே சென்று, 1300 கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஒளியில் நான்கு முகில்களை அளந்தார்கள். வழு அங்கே பெரிது, இலட்சத்தில் 7 பங்கு; அதற்குள் மாற்றம் தென்படவில்லை.

பூமியிலேயே ஒரு சாட்சி உண்டு. 1972இல் ஆபிரிக்காவில் காபொன் நாட்டு ஒக்லோ என்னும் சுரங்கத்திலிருந்து வந்த யுரேனியத்தில், எரியக்கூடிய வகை இருக்க வேண்டிய 0.720 சதவீதத்துக்குப் பதிலாக 0.717 இருப்பதைப் பிரெஞ்சுப் பரிசோதகர் கண்டனர். காணாமற்போனது ஆயிரத்தில் நான்கு பங்கு. அதைக் கவனிக்க ஒரு கண் இருந்ததே பெரிது! திருட்டு ஏதும் இல்லை. சுமார் இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த மண்ணுக்குள் நிலத்தடி நீரின் துணையோடு அணு உலை ஒன்று தானாகவே எரிந்திருக்கிறது. அந்தச் சாம்பலில் சமாரியம் என்ற மூலகத்தின் ஒரு வகை, நியூத்திரனை மிகக் குறிப்பிட்ட ஒரு சக்தியில் மட்டுமே விழுங்கும். மின்விசை சிறிது மாறினாலும் அந்தச் சுருதி கலைந்துவிடும். கலையவில்லை என்பதை 1976இல் ஷ்லியாக்தர் கண்டார். 1996இல் தாமூரும் டைசனும் கணக்கைச் செம்மைப்படுத்தி, இருநூறு கோடி ஆண்டுகளில் மாற்றம் கோடியில் ஒரு பங்கைச் சற்றே தாண்டக்கூடும், அதற்கு மேல் இல்லை என்றார்கள். மற்ற விசைகள் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு செய்த கணக்கு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னும் பின்னே, உலகத்தின் உண்மையான குழந்தைப் பருவத்துக்குப் போனால் அளவுகோல் கரடாகிறது. தோன்றி 3,80,000 ஆண்டுகளில் இலத்திரன்கள் கருக்களோடு சேர்ந்தபோது வெளிப்பட்ட ஒளியைப் பிளாங்க் என்னும் செய்மதி ஆராய்ந்தது. அங்கே ஆயிரத்தில் சில பங்குக்குள் மாற்றமில்லை. முதற் சில நிமிடங்களில் உண்டான ஈலியத்தின் அளவைக் கொண்டு பார்த்தால் நூற்றிற் சில பங்குக்குள் மாற்றமில்லை. ஆகவே, ஆரம்பத்தில் ஒரு சதவீதம் வேறுபட்டிருந்து பின் விரைவில் நிலைபெற்றது என்று ஒருவர் வாதித்தால், இன்று அவரை மறுக்கப் போதிய சான்று இல்லை. கேள்வி மூடப்படவில்லை என்று நான் சொல்வது இதனாலேதான். மறுபுறம், ஆய்வுகூடத்தில் அணுக்கடிகாரங்கள் இரண்டை அருகருகே ஓடவிட்டு இந்நாளில் மாற்றம் உண்டா என்றும் பார்க்கிறார்கள். ஜெர்மனியில் 2021இல் வந்த முடிவின்படி, ஆண்டொன்றுக்கு 1க்குப் பின் 18 பூச்சியங்கள் இட்ட எண்ணில் ஓரிரு பங்குக்கு மேல் மாற்றம் இல்லை.

இந்த விடயத்தை நம் பழைய நூல்கள் அன்றே சொல்லிவிட்டன என்று நான் முடிப்பேன் எனச் சிலர் எதிர்பார்த்திருக்கலாம். சென்ற வாரம் ஒரு பெரியவர் வழியில் என்னைக் கண்டு, "மாறாத பொருள் எது என்று நம் சமயம் எப்போதோ சொல்லிவிட்டது தம்பி, அதற்கு இவ்வளவு பெரிய கண்ணாடி ஏன்?" என்று கேட்டார். அவர் இங்கே முன்வரிசையில் இருக்கிறார். ஐயா, தாங்கள் சொல்லும் மாறாப் பொருள் அளவைக்கு அகப்படாதது என்று தாங்களே எனக்குப் படிப்பித்தீர்கள். நான் பேசுவது அளவைக்கு அகப்படுகிற ஒரு சிறு எண்ணைப் பற்றி மட்டும். அது மாறினாலும் தங்கள் பொருளுக்குக் குறைவில்லை. மாறாவிட்டாலும் அதனால் தங்கள் பொருள் நிரூபணமாகிவிடாது. நான் படித்தது மிஷன் பாடசாலையில். அங்கேயும் இதே கேள்வியை வேறு வார்த்தைகளிற் கேட்டார்கள். இதே பதிலைத்தான் சொன்னேன். அன்று எனக்குப் பாராட்டுக் கிடைக்கவில்லை.

அம்மப்பா இப்போது இல்லை. இருந்தால், "மரைக்கால் தேஞ்சதா இல்லையா, அதைச் சொல்லு" என்று கேட்டிருப்பார். மரைக்காலைப் பற்றிச் சொல்ல முடியாது அம்மப்பா, விகிதத்தைப் பற்றித்தான் சொல்ல முடியும். அது ஆயிரம் கோடி வருடத்தில் இலட்சத்தில் ஒரு பங்குகூடத் தேய்ந்ததாகத் தெரியவில்லை என்று சொல்லியிருப்பேன்.

கூட்டம் முடிந்ததும் மண்டப வாசலில் ஒரு ஸ்பிரிட் விளக்கும், ஒரு சிட்டிகை உப்பும், இரவலாக வாங்கி வந்த திருசியமானியும் வைத்திருக்கிறேன். மின்விளக்குகளைச் சிறிது நேரம் அணைத்துத் தருவதாகச் செயலாளர் சம்மதித்திருக்கிறார். வரிசையாக வந்து பாருங்கள். கண் கூர்மையான சிறுவர்களுக்கு இரண்டு மஞ்சட் கோடுகளும் பிரிந்து தெரியும். இம்முறை திருகாணியை இறுக்கிவிட்டேன்.